13 ஏறாது, 14 ஆடும்

கே: எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் இருந்த தாத்தாவின் பெட்டியில் ஒரு ஸ்பேனர். வாயருகே ‘1/4 டபிள்யூ’, அதன் கீழே ‘5/16 பி.எஸ்.’ என்று பொறித்திருக்கிறது. ஸ்கேல் வைத்தால் அரை இஞ்சைத் தாண்டுகிறது. தாத்தாவை யாராவது ஏமாற்றிவிட்டார்களா?
– குன்னூர் வாசகர்

ப: தாத்தா ஏமாறவில்லை. ஸ்கேல் வைத்த நீங்கள்தான் ஏமாந்திருக்கிறீர்கள். 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கு ஒரு கணக்கு வகுத்தார். அந்த வழியில் வந்த ஸ்பேனர்களில் இருக்கும் எண், வாயின் அகலம் அல்ல. போல்ட்டுத் தண்டின் கனம். தொப்பி அளவு கேட்டவரிடம் கழுத்தளவைச் சொல்லி அனுப்புகிற கதை. பின்னால் வந்த பி.எஸ்.எஃப். (உங்கள் ஸ்பேனரில் ‘பி.எஸ்.’) போல்ட்டுகளுக்குத் தலை ஒரு படி சிறியது. அதனால் ஒரே வாய்க்கு இரண்டு பெயர்.

உங்கள் ஸ்பேனரின் வாய் 0.525 இஞ்ச், 13.3 மில்லிமீட்டர். இன்றைய செட்டில் 13 ஏறாது, 14 ஆடும். ஆடுவதை வைத்துத் திருகினால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிக் கோலிக்குண்டாகிவிடும், அப்புறம் உளிதான். பழைய புல்லட் வைத்திருப்பவர் காதில் போட்டுவிடாதீர்கள், இந்த ஸ்பேனருக்காக வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். ‘ஏ.எஃப்.’ என்று பொறித்திருந்தால் மட்டும் எண்ணை நம்பலாம். அது வாயின் அளவேதான். அம்பாசடர்காரர்களுக்கு அதுதான் பழக்கம்.

கே: ஒரு சாண் மரக்கட்டை, இரண்டு முனையிலும் ரப்பர் கிண்ணம். மத்து என்கிறார் மாமியார். சிங்க் அடைப்பு எடுப்பது என்கிறார் கணவர். நீங்கள்?
– ஊட்டி வாசகி

ப: பாதி மார்க் மாமியாருக்கு. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுவது என்ற வரைக்கும் சரி. கடைவது மோரை அல்ல, வால்வை. வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பரை ஈரமாக்கி வால்வின் தலையில் ஒட்டி, முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். நறநறவென்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும்போது வால்வை எடுத்துப் பார்த்தால், விளிம்பில் சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் தெரியும். அறுந்திருந்தால் மறுபடி பேஸ்ட், மறுபடி உருட்டல். முடிந்ததும் வால்வை மாட்டிவிட்டு மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அடியில் கசிந்தால் அன்றைய டீ தள்ளிப்போகும்.

கே: இரண்டு இடத்தில் மடிந்த கம்பி, நுனியில் குறுக்காக ஒரு ஆணி. கிணற்று ராட்டினமா?
– கோத்தகிரி வாசகர்

ப: ஹேண்டில்! அம்பாசடரின் முன்பக்க ஓட்டைக்குள் விட்டு, குறுக்கு ஆணி கிராங்கின் பல்லில் கவ்வியதும் சுற்றி ஸ்டார்ட் செய்வது. 1912-லேயே கேடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்துவிட்டது. ஆனால் ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில், ஆயில் பாகாகி பேட்டரியும் சோர்ந்து கிடக்கும்போது செல்ஃபை யார் நம்புவது?

இதைப் பிடிக்க ஒரு முறை உண்டு. கட்டை விரலைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்னே பிளக் நெருப்பு விட்டால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். நான் இருபது வயதில் கட்டை விரலைச் சுற்றிப் போட்டவன். மூன்று வாரம் இடது கையால் சாப்பிட்டேன். பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

கே: இன்னொரு ஸ்பேனர் பாம்பு மாதிரி வளைந்திருக்கிறது. நிமிர்த்தித் தர முடியுமா?
– அதே குன்னூர் வாசகர்

ப: கை வைக்காதீர்கள்! வளைவின் மேல் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எழுத்து இழுபட்டுக் கோணியிருந்தால், கம்பெனியிலிருந்து நேராக வந்ததைப் பிறகு யாரோ உலையில் காய்ச்சி வளைத்திருக்கிறார்கள். நேர் ஸ்பேனர் நுழையாத ஒரு சந்தில், சைலன்சர் பக்கமோ செல்ஃப் மோட்டாருக்குப் பின்னாலோ, ஒரு நட்டு அவரைப் படுத்தியிருக்கும். தாத்தாவின் பெட்டியில் இருப்பதால் அந்த ஆள் தாத்தாவாகவே இருக்கலாம். சுத்தியல் தடமும் கருநீலச் சூட்டுத் தழும்பும் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் துணியும் போதும், எமரி வேண்டாம்.