தாய்மாமன் மடியும் கொலம்பஸ் கப்பலும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. எடுத்தவர் என் அத்தான். என் அக்கா மகன் கொலம்பஸ் கப்பலின் வாசலில் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு "நான் வரல, நான் வரல" என்று அழுகிறான். பின்னணியில் பெற்ற தகப்பனின் சிரிப்பு. அதற்குக் கீழே பெரியப்பாக்கள், சித்திகள், ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் என்று வரிசையாக மஞ்சள் முகங்கள், கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கின்றன. "அப்படியே மாமனை உரிச்சு வச்சிருக்கான்" என்று ஒரு பெரியம்மா எழுதியிருக்கிறார். அந்த வரிக்குத்தான் அதிகச் சிரிப்பு.

அந்த மாமன் நான்தான்.

பயந்த பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றுவதற்கு என்னிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அத்தான் கையாண்ட வழிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

சென்னையைச் சுற்றியிருக்கிற பூங்காக்களில் ஒன்று. எது என்று கேட்காதீர்கள். வாசலில் உயரத்தைப் பார்த்துத்தான் டிக்கெட். குட்டையாக இருந்தால் குழந்தை, நெட்டையாக இருந்தால் பெரிய ஆள். அத்தான் பையனின் தோளை அமுக்கி, "முட்டியை மடக்குல, கழுத்தை உள்ள இழு" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது நாமெல்லாம் பெற்ற அதே பயிற்சிதான். பையன் மடங்கினான், அரை டிக்கெட் கிடைத்தது. உள்ளே போனால் ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் கோடு போட்ட ஒரு கம்பம். இந்த உயரத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஏறக்கூடாது. இப்போது அத்தான், "நிமிருல, குதிங்காலைத் தூக்கு, ஷூவைக் கழட்டாத" என்கிறார். தலைமுடியைக் கையால் மேலே கோதி வேறு விட்டார். அரை மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளை நாலு அங்குலம் குறைந்து ஆறு அங்குலம் வளர வேண்டுமென்றால், வேறு எதற்கும் பயப்படாவிட்டாலும் தன் அப்பாவுக்குப் பயப்படும்.

அடுத்தது காசு. "தலைக்கு இவ்வளவு குடுத்திருக்கு, எல்லா ரைடும் இதுல சேர்த்தி, ஏறாம போனா யாருக்குல நஷ்டம்?" பஃபே சாப்பாட்டுக்குப் போகிற நாளன்று காலையில் பட்டினி கிடக்கிற வம்சம் இது. கொடுத்த காசை ராட்டினங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு சுற்றுக்கு என்ன விழுகிறது என்று அத்தான் மனக்கணக்காகவே வைத்திருந்தார். பையன் மறுக்க மறுக்க அந்த விலை ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் ஆனபோது, அவன் ஏறிய ஒரே வாகனமான குட்டி ரயிலுக்கு விமான டிக்கெட் விலை வந்துவிட்டது.

அப்புறம் அந்த மந்திரம். "ஒண்ணும் ஆவாதுல." கடைசியாக, எதுவும் பலிக்காமல் போன பிறகு, அத்தான் என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "வேணும்னா மாமா மடியில உக்காந்துக்க."

பையன் ஒரு நொடி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு மடங்கு சத்தத்தோடு ஆரம்பித்தான்.

இந்த இடத்தில் தாய்மாமன் என்கிற பதவியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம்தான்.

பிள்ளைகளைப் பயமுறுத்துகிற காரியம் எதுவானாலும் அதைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று நம் முன்னோர் முடிவு கட்டிவிட்டார்கள். தகப்பன் மடி ஆகாதா? ஆகாது. தகப்பன் பட்டு வேட்டியோடு போட்டோவுக்கு நிற்க வேண்டும். மொட்டையா, மாமன் மடி. காது குத்தா, மாமன் மடி. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் மரத்தடியில் என்னைச் சம்மணம் போடவைத்து, ஒரு வயதுப் பிள்ளையை மடியில் திணித்தார்கள். அதுவரை அவன் வாழ்க்கையில் நடந்த பெரிய அநியாயம் தடுப்பூசி மட்டும்தான். "அசைய விடாம புடிங்க" என்றார் மொட்டை போடுகிறவர். இடது கை நெற்றியில், வலது கை தாடையில், இரண்டு முழங்காலும் விலாவில். இன்றைக்கு ரோலர் கோஸ்டரில் தோளுக்கு மேலிருந்து இறங்கி நெஞ்சை அமுக்குகிற அந்தக் கம்பி இருக்கிறதே, அதன் உத்தியோகத்தைத் தாய்மாமன் தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் இல்லாமல் பார்த்து வருகிறான்.

தலையில் தண்ணீர் பட்டதுமே அவன் ஆரம்பித்துவிட்டான். வாயைத் திறந்தால் வெட்டின முடி உள்ளே போகிறது, மூடினால் மூக்கில் ஏறுகிறது. சுற்றி நின்ற முப்பது பேரும் கிலுகிலுப்பையையும் சாவிக்கொத்தையும் ஆட்டி, "அங்க பாரு காக்கா" என்கிறார்கள். காக்கா இல்லை. நானும் பார்த்தேன், அந்த மரத்தில் ஒரு காக்காகூட இல்லை. பிள்ளை அந்தக் கண்ணீரிலும் தலையைத் திருப்ப முயன்று காக்காவைத் தேடினான். மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, அப்பாடா என்று விசும்பலோடு நிமிர்ந்தால், எதிரே ஆசாரி உட்கார்ந்திருக்கிறார்.

காது குத்தில் வலி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முந்தின கால் மணி நேரம்தான் கொடுமை. இரண்டு காதிலும் மையால் புள்ளி வைப்பார்கள். வலது புள்ளி ஏறியிருக்கிறது என்பார் ஓர் அத்தை. இல்லை, இடதுதான் இறங்கியிருக்கிறது என்பார் ஒரு மதினி. அழித்துவிட்டு மறுபடி வைப்பார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று வெளியிலிருந்து ஒரு குரல். நாலு பெண்கள் தலையை நாலு கோணத்தில் திருப்பிப் பார்த்து, மூன்றாவது முறையும் அழித்த பிறகு, முதலில் வைத்த இடத்திலேயே வைப்பார்கள். இத்தனை நேரமும் பிள்ளை ஆசாரியின் கையில் இருக்கிற தங்கக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு ஒரு குத்து. வாய் திறந்த கணத்தில் வாழைப்பழத்தை உள்ளே அடைப்பார்கள். முதல் காதையாவது ஏமாற்றிக் குத்திவிடலாம். இரண்டாவது காதை ஏமாற்ற முடியாது, அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது காதுக்குத் தாய்மாமன் வேண்டும்.

கம்மல் என் செலவு. பட்டுச் சட்டை என் செலவு. மாலை, தேங்காய், பழத் தாம்பாளம் எல்லாம் என் செலவு. குத்து வாங்குகிறவன் பிள்ளை, காசு கொடுக்கிறவன் மாமன், காப்பரிசி தின்கிறவர்கள் மற்ற எல்லாரும். போதாததற்கு என் வேட்டியும் நனைந்தது. அந்தக் கம்மலை அவன் ஒரு வருஷம்கூடப் போடவில்லை, ஓட்டை தூர்ந்துபோய்விட்டது.

ஒரு வயதில் நடந்தது அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்காது. ஆனால் வீடியோ இருக்கிறது. வீட்டுக்கு வருகிற விருந்தாளி காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அது போடப்படுகிறது. "பாரு, பாரு, எப்படிக் கத்துறான் பாரு" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும் அங்கே தரையில் உட்கார்ந்து பார்க்கிறான். படத்தில் எல்லாரும் 'ஒண்ணும் ஆவாது' என்கிறார்கள். ஆகிறது. அவனை அமுக்கிப் பிடித்திருக்கிற கை யாருடையது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவனிடம் போய் மாமா மடி என்றால்?

சரி, வழிக்கு வருகிறேன்.

அத்தானும் அக்காவும் அவர்களுடைய மூத்த மகளும் கப்பலில் ஏறப் போனார்கள். பைகளை என்னிடம் கொடுத்தார்கள். ராட்டினத்துக்கு வந்து ராட்டினத்தில் ஏறாதவனுக்கு விதிக்கப்பட்ட வேலை அது. ஒரு கையில் நாலு செல்போன், கழுத்தில் யாருடைய கூலிங் கிளாஸோ, மடியில் ஈரத் துண்டு, காலடியில் ஆறு ஜோடிச் செருப்பு. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தம்பதிகூட, "சார், இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று ஒரு தோல் பையை வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு இது பழகிப்போன வேலை. சின்ன வயதில் ஆனித் திருவிழாவுக்குத் திருநெல்வேலி டவுன் பொருட்காட்சித் திடலுக்குக் கூட்டிப் போனால் அப்பளக் கடை இருந்த இடத்திலேயே நிற்பேன். சென்னைக்கு வந்து விஜிபி கோல்டன் பீச்சுக்குப் போனபோது எனக்குப் பிடித்தது சிலை மனிதன் மட்டும்தான். அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. அதைவிட நாகரிகமான பொழுதுபோக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

பையன் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கப்பல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, "மாமா, இது ஏன் கொலம்பஸ்?" என்றான். நான் சொன்னேன்: எல்லாவற்றுக்கும் அந்த ஆள்தான் காரணம். இந்தியாவுக்கு வழி தேடிக் கிளம்பினவர் அமெரிக்கப் பக்கம் போய் இறங்கிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த 400ஆவது ஆண்டைக் கொண்டாட 1893இல் சிகாகோவில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அதற்காகத்தான் ஃபெர்ரிஸ் என்கிற பொறியாளர் முதல் ராட்சத ராட்டினத்தைக் கட்டினார். 264 அடி உயரம், 36 கூண்டு, ஒரு கூண்டுக்கு 60 பேர். அந்த மனுஷன் ஒழுங்காக இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தால் நீயும் நானும் இன்றைக்கு வீட்டில் இருந்திருக்கலாம்.

அவன் சிரித்தான். காலையிலிருந்து முதல் தடவை.

பிறகு கேள்விகள். கரண்ட் போனால் என்ன ஆகும்? அடியில் ரப்பர் டயர் சுற்றுகிறது பார், கப்பல் கடக்கும்போதெல்லாம் அதுதான் தள்ளிவிடுகிறது, தள்ளாவிட்டால் ஊஞ்சல் தானாக அடங்கிவிடும். கடைசி வரிசைக்காரர்கள் ஏன் அவ்வளவு கத்துகிறார்கள்? ஓரம்தான் ரொம்ப உயரம் போகும், நடுவில் அவ்வளவு இல்லை. வயிற்றில் ஏன் ஜிவ்வென்று இருக்கும்? உச்சியிலிருந்து இறங்கும்போது உன்னோடு சேர்ந்து குடலும் விழுகிறது, கீழே தாங்குகிற பிடி ஒரு நொடிக்கு லேசாகிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்து ரோலர் கோஸ்டரும் இவ்வளவு வேகமா? 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஓட ஆரம்பித்த ஸ்விட்ச்பேக் ரயில் மணிக்கு ஆறு மைல், நம் வேளச்சேரி சாலையில் சாயங்காலம் கார் போகிற வேகம். அதற்கே டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

கப்பல் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று அவனே ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்தான். அடுத்த கூட்டம் ஏறியது, மறுபடி எண்ணினான். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாவதானமாக ஆடுவதைக் காட்டி, "அந்தப் பாட்டி கத்தவே இல்ல மாமா" என்றான். கம்பியைப் பூட்டுகிற பையன் ஒவ்வொரு வரிசையையும் இழுத்துப் பார்ப்பதைக் கவனித்தான். பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தான். என் வழி என்ன என்று கேட்டீர்களே, இதுதான் அதன் முதல் பாதி. இரண்டாவது பாதியில்...

அதற்குள் வரிசையிலிருந்து ஒருவர் குனிந்தார். டி-ஷர்ட், நெற்றியில் விபூதி, தோளில் ஒரு சின்னப் பெண். "என்ன தம்பி, பயமா? எங்க பாப்பாவைப் பாரு, மூணு வயசுலயே ஏறிட்டா. நீ ஆம்பளப் புள்ள!" அந்தப் பாப்பா ஐஸ்கிரீம் வாயோடு என் மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள். அதே சமயம் கப்பலிலிருந்து இறங்கி வந்த அத்தான், "கேட்டியால?" என்று மகனின் கையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கையில் போன் தயாராக இருந்தது. அப்புறம் நடந்ததைத்தான் குழுவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பாதி என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏறியிருக்கலாம். ஏறாமல் இன்னும் பத்து ஆட்டம் எண்ணியிருக்கலாம். அதனாலும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. நான் ஏறாமலேயே நாற்பத்தெட்டு வயது வரை வந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் அத்தான், "நாளைக்கு இவன் எப்படித்தான் உலகத்தைச் சமாளிக்கப் போறானோ" என்றார். அத்தானுக்குக் கரப்பான்பூச்சி என்றால் ஆகாது. குளியலறையில் ஒன்று இருந்தால் அக்கா வந்து அடித்த பிறகுதான் குளிப்பார். யாரும் அதை வீடியோ எடுத்ததில்லை. அடுத்த தடவை எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். முழுப்பரீட்சை லீவில் எப்படியும் நாம் எல்லாரும் இந்த மாதிரி ஒரு வரிசையில்தான் நிற்கப் போகிறோம். உங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை தயங்கி நின்றால் அவனைத் தாண்டிப் போய் ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் பாப்பா எந்த வயதில் எதில் ஏறினாள் என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, செருப்பு, ஈரத் துண்டு இருந்தால் என்னிடம் கொடுங்கள். பெஞ்சில்தான் இருப்பேன்.