கிலோ கணக்கில் இன்டர்நெட்

சனிக்கிழமை சாயங்காலம், பழைய வேட்டியில் எதையோ சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு, லிஃப்ட் இருந்தும் படியேறி வரும் மனிதரைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள். திருட்டுச் சாமான் இல்லை. லிஃப்டில் மனைவி எதிரே வந்துவிடுவாளோ என்ற பயம். வேட்டிக்குள் இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2950 ஸ்விட்ச். 24 போர்ட், 3 கிலோ எடை, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 600 ரூபாய்.

"ஆயிரம் சொன்னான் சார். அறுநூறுக்கு மடக்கிட்டேன்" என்பார். கடைக்காரர் அதைக் காயலான் கடைக்கு அனுப்ப மூட்டை கட்டி வைத்திருந்த விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்பமாட்டார்.

எங்கள் மாடி வீட்டு சார் இந்த ரகம். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துக்கு ஊரே புது சார்ஜர் வாங்கப் போகும். அவர் கடையின் முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். பின்னால் கொட்டிக் கிடக்கும் குவியல் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகக் குப்புறப் போட்டு அடிவயிற்றைப் படிப்பார். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரவுட்டர் கிடைத்தால் கை நடுங்கும். 2002 கடைசியில் வந்த சரக்கு. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தவர்கள் விடாமல் கேட்டதில், அதன் மூல நிரலை 2003ல் வெளியிட வேண்டியதாயிற்று. உலகத்து ஆர்வலர்கள் எல்லாம் அதில் புகுந்து விளையாடினார்கள். ஆனால் ஐந்தாம் பதிப்பில் மெமரியைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். ஆகவே அடியில் ஒட்டிய சீட்டில் '5' என்று இருந்தால், செவ்வாய் தோஷ ஜாதகத்தைப் பார்த்த பெண் வீட்டார் போல மெல்லக் கீழே வைத்துவிடுவார்.

ஏன் இந்தப் பைத்தியம்? ஒருநாள் காபி ஆறும்வரை சொன்னார். அவர் வங்கியில் கிளார்க்காக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் அதற்கென்று கண்ணாடி அறை, ஏசி, தரை விரிப்பு. உள்ளே போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். இவருக்கு அதுவும் இல்லை, உள்ளேயே விடமாட்டார்கள். வியர்வையோடு கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே கண் சிமிட்டும் பச்சை விளக்குகளைப் பதினைந்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மாதிரிப் பெட்டி இப்போது அவர் வீட்டுப் பரணில், கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். எந்த வீட்டுக்கும் அப்படித்தான் போவோம் என்பது வேறு விஷயம்.

பெட்டி வந்த இரவு தூக்கம் கிடையாது. முந்தைய முதலாளி பாஸ்வேர்ட் வைத்திருப்பாரே! முகப்பில் உள்ள 'மோட்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கரண்டைச் செருக வேண்டும். ஒரு கை பரணில், ஒரு கை ப்ளக்கில். 62 வயதில் இது யோகாசனம். வெளிர்நீலக் கன்சோல் கேபிள் வழியாக, 9600 வேகத்தில், பழைய டெஸ்க்டாப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்து வரும். (அந்த டெஸ்க்டாப்பை அவர் விற்காததற்கு ஒரே காரணம், அதன் முதுகில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருப்பது.) உள்ளே முந்தைய அலுவலகத்தின் குடும்ப விவகாரம் முழுதும் அப்படியே இருக்கும். எம்.டி. அறைக்குத் தனி விலான் (ஒரே பெட்டிக்குள் தடுப்புச் சுவர் போட்ட தனி நெட்வொர்க்), அக்கவுண்ட்ஸுக்குத் தனி விலான், கேண்டீனுக்குக்கூட ஒன்று. "பாருங்க சார், டேட்டாவை அழிக்காமலே தூக்கிப் போட்டுட்டானுங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். மறுநாளே தன் வீட்டுக்கும் அதே போல ஹால் விலான், சமையலறை விலான், பூஜையறை விலான் என்று பாகப்பிரிவினை செய்தாகிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேரும் போனில் வைஃபையில் படம் பார்ப்பவர்கள். அந்த வைஃபையும் கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன வெள்ளை டப்பாவிலிருந்து வருவது.

மனைவிக்கு இழப்புகள் உண்டு. முதலில் அஞ்சறைப் பெட்டி போயிற்று. கடுகு இருந்த கிண்ணத்தில் இப்போது ஆர்ஜே-45 கிளிப், சீரகக் கிண்ணத்தில் பழைய கோஆக்ஸியல் கேபிளின் 50 ஓம் டெர்மினேட்டர்கள். அந்தக் கேபிளில் ஒரு முனையின் மூடி கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடுமாம். அதைப் பயன்படுத்தும் ஆபீஸ் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "வரலாம் சார்" என்றார்.

பிறகு கரண்ட் பில். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. சாரின் மூன்று பெட்டிகளும் சேர்ந்து 60 வாட். ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். மிச்சம் 14 யூனிட்டில் மிக்ஸி ஓடட்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணமாக இருந்திருக்காது. சத்தமோ மாவு மில். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் கால் கிலோ தேறும்" என்று அந்தம்மா பெருமூச்சு விடுவார்.

ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்தம்மாவுக்கும் கொஞ்சம் ஞானம் வந்துவிட்டது. கேபிளைச் செருகினால் விளக்கு முதலில் ஆரஞ்சாக எரியும். இணைப்பு எங்காவது வட்டமடிக்கிறதா என்று ஸ்விட்ச் அரை நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கு வரும்; வட்டம் விழுந்தால் ஒரே செய்தி, கல்யாண வீட்டு வதந்தி மாதிரி சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லோரையும் அடைத்துவிடும். 1985ல் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்த வித்தை இது. சார் அந்தப் பெயரைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகச் சொல்வார். அந்தம்மாவின் கணக்கு எளிது: ஆரஞ்சு என்றால் குக்கர் வைக்காதே, பச்சை என்றால் வை.

போன ஞாயிறு மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபரையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். தெரு முழுக்க நெட் இல்லை. மேலே போனேன். சார் முகத்தில் கல்யாணக் களை.

"நம்மது ஓடுது சார்!"

ஹாலிலிருந்து பூஜையறைக்கு 'இருக்கியா?' என்று பிங் போய்க்கொண்டிருந்தது. ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில். ஒன்றுகூட வழியில் தொலையவில்லை.

"இதுலேர்ந்து வெளிய போக முடியுமா சார்?"

"வெளிய எதுக்கு சார் போகணும்?"

சமையலறையிலிருந்து, "ஏங்க, சாப்பிட வாங்க" என்று குரல் வந்தது. சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு குரல். மூன்றாவது குரலும் பத்தடி தூரத்தில் காணாமல் போயிற்று. அந்தம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்து அவரை ஒரு தரம் பார்த்தார்.

"ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றார் என்னிடம். "நீங்க வாங்க தம்பி, ரசம் ஆறுது."