கணக்கு மாமா பதில்கள்

பழவேற்காட்டுப் பக்கம் பசியாவரத்துப் பையன் நான். சென்னையில் ஒரு பெரிய ஆடிட் கம்பெனியின் டாக்ஸ் பிரிவில் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து மூன்று மாசம். இன்னும் வரியைக் கண்ணால் பார்க்கவில்லையே, மாமா?
*– எக்செல் அடிமை*

26ஏஎஸ் படிவத்தில் உள்ள டிடிஎஸ் (முன்பிடித்த வரி) தொகையையும் கிளையண்ட் ஏட்டில் உள்ள தொகையையும் வரி வரியாக ஒத்துப் பார்க்கிறாய் அல்லவா? பிறகென்ன? வலை பின்னப் பழகுகிறவனுக்கும் முதலில் கண்ணிதான் தெரியும், மீன் தெரியாது.

"ஆர்ட்டிகிள்" என்றதும் தாத்தா, "எந்தப் பத்திரிகையில் எழுதுகிறாய்?" என்கிறார்.
*– அதே அடிமை*

ஒப்பந்த ஷரத்துக்குத்தான் அந்தப் பெயர். அதில் கையெழுத்துப் போட்டுக் கட்டுண்டவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த சி.ஏ. பயிற்சி 2023 ஜூலைக்கு முன்பு மூன்று வருஷம், இப்போது இரண்டு. நன்னடத்தைக்காகக் குறைத்தார்கள் என்று தாத்தாவிடம் சொல்.

ஸ்டைபண்ட் எவ்வளவு வரும்?
*– பெற்ற கடன், கோட்டைக்குப்பம்*

2020ல் இரட்டிப்பாக்கிய பிறகு, பெருநகரத்தில் முதல் வருஷக் குறைந்தபட்சம் மாசம் 2,000 ரூபாய். இரட்டிப்பாக்கியே அவ்வளவுதான்! பெரிய கம்பெனிகள் கூடுதலாகவே தருகின்றன. ஆனால் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து மின்சார ரயில், இறங்கினால் இன்னொரு பஸ். பையன் சம்பாதிக்கப் போகவில்லை, சுற்றுலா போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தொழிலும் விவசாயம் மாதிரிதானே? விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதே?
*– ஏரிக்கரை சட்ட நிபுணர்*

விவசாய வருமானத்துக்கு நிலம் வேண்டும், அதில் உழவு வேண்டும். ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் 1957லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏரியை உழுது காட்டுங்கள், நான் வாதாடுகிறேன். பயம் வேண்டாம்: புது முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை. ஏரி முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கிற வருஷத்தில் அதற்கு மேல் உங்களுக்கு வருமென்றால், நானே ஐஸ் பெட்டி தூக்க வருகிறேன்.

ஏலத்தில் இறாலை ரொக்கம் கொடுத்து வாங்கும் வியாபாரியின் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. "10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம், செலவை அனுமதிக்க முடியாது" என்று எழுதினேன். மேனேஜர் சிரித்தார். ஏன்?
*– எக்செல் அடிமை (விடமாட்டான்)*

வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3)ஐப் படித்தவன் விதி 6டிடியைப் படிக்காமல் விட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்? ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் சேராது, சரி. ஆனால் மீனை அதன் உற்பத்தியாளரிடமே வாங்கினால் விலக்கு உண்டு.

உற்பத்தியாளர் யார்? மீனை உற்பத்தி செய்கிறவர் கடவுள்தான், அவர் பில் தருவதில்லை. அதனால் நேரடி வரிகள் வாரியம் 2008ல் ஒரு சுற்றறிக்கை விட்டது, எண் 10. கரையில் மீனைத் தரம் பிரித்து வியாபாரிக்கு விற்கும் மீனவர் தலைவரும் உற்பத்தியாளரே, இறாலும் மீனே என்றது. நடுவில் நிற்கும் தரகருக்குக் கொடுத்தால் மட்டும் சலுகை கிடையாது.

கூடையைக் கொட்டியதும் பெரிசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம் என்று ஒருவர் கை பிரித்துப் போட்டுக்கொண்டே போகுமே, சின்ன வயதில் பார்த்திருப்பாய். அந்தக் கை யாருடையது, மீனவர் தலைவருடையதா, தரகருடையதா? அதில்தான் வரியே இருக்கிறது. உன் ஆபீஸில் இதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவன் நீ ஒருவன். நீயே கோட்டை விட்டாயே!

பி.கு.: இவை 1961 சட்டத்து எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருஷத்துப் புதுச் சட்டம். பிரிவுகள் எல்லாம் வீடு மாறுகின்றன. மனப்பாடம் செய்தவர்களுக்கு என் அனுதாபம்.

ஆடிட்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது எதற்கு?
*– சந்தேகி, பழவேற்காடு*

உங்கள் ஊரில் "பாடு" எதற்கு? நல்ல இடத்தில் ஒருவரே நிரந்தரமாக வலை கட்டக் கூடாது என்றுதானே சீட்டுப் போட்டு முறை வைக்கிறீர்கள்? 2013 கம்பெனிச் சட்டமும் அதையே சொல்கிறது: பட்டியலிட்ட கம்பெனியில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "பாடு" பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு ஏரியில் இடமில்லை என்ற புகாரும் பழையதுதான். ஆடிட்டிலும் பெரிய கம்பெனிகள் ஒரு சில நிறுவனங்களுக்குள்ளேயே சுற்றுகின்றன!

நம் ஊரில் பெரிய கணக்கு ஆபீஸ் எப்போதாவது இருந்ததா?
*– சரித்திரப் பித்தன்*

இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை, 1613. உதவியாளனாகச் சேர்ந்து, புக்ஹௌடர் என்ற கணக்கராகி, பிறகு இளநிலை வணிகராகலாம். ஆர்ட்டிகிளுக்கு அண்ணன் முறை. கம்பெனியின் பெயர் வி.ஓ.சி. (கப்பல் விட்டது இவர்களும்தான். நம் வ.உ.சி. மன்னிக்க.) துணி ஏற்றினார்கள். இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அவர்களும் சரக்குக் கணக்கில்தான். கூட்டல் தப்பியிருக்காது.

1799ல் கம்பெனிக்கே மூடுவிழா. ஊழியர்களின் திருட்டு வியாபாரமும் அதற்கு ஒரு காரணம்.

பெண் பிள்ளைக்கு இந்த ராத்திரி வேலையெல்லாம் ஒத்துவருமா?
*– கவலைப்படும் சித்தப்பா*

ஆர். சிவபோகம் என்று ஒருவர். போலியோ தாக்கிய கால், கதர்ப் புடவை, சுதந்திரப் போராட்டத்துக்காக வேலூர் சிறையில் ஓராண்டு. பிறகு சி.எஸ். சாஸ்திரியிடம் ஆர்ட்டிகிள். 1933ல் தேறினார், இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சிறை சென்றவர் தொழில் செய்யக் கூடாது என்றார்கள். வழக்குப் போட்டு ஜெயித்தார். உங்கள் கவலையை எந்தப் பிரிவில் சேர்க்கட்டும், சித்தப்பா?

சி.ஏ. இன்ஸ்டிடியூட்டும் வருமான வரி ஆபீஸும் நுங்கம்பாக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே?
*– பஸ் ஜன்னல் பயணி*

மகாத்மா காந்தி சாலையில் 121 வருமான வரி ஆபீஸ், 122 இன்ஸ்டிடியூட். வலை எங்கேயோ கொக்கும் அங்கேதான்.

ஜூலை 1ஐ சி.ஏ. தினமாக ஏன் கொண்டாடுகிறார்கள்?
*– பொது அறிவு*

1949ல் இன்ஸ்டிடியூட் பிறந்த நாள். 2017ல் அதே தேதியில் ஜிஎஸ்டியும் பிறந்தது. பிறந்தநாள் பரிசு என்றால் இதல்லவோ!

அம்மா கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். ஏசி ஆபீஸில் திறக்க வெட்கமாக இருக்கிறது.
*– எக்செல் அடிமை, கடைசி முறையாக*

செப்டம்பர் 30 வரை பொறு. அன்று டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கெடு. ராத்திரி பத்தரைக்கு போர்ட்டல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், பீட்சா தீர்ந்திருக்கும், கேண்டீன் பூட்டியிருக்கும். அப்போது மெதுவாக மூடியைத் திற. முதல் ஆளாகத் தட்டோடு வருகிறவர் பார்ட்னராகத்தான் இருப்பார்.