வினையில் தொடங்கும் மணிலா, வினையில் முடிக்கும் உலான்பாத்தர்

கேள்வி: பிலிப்பினோவும் மங்கோலியமும் ஆசிய மொழிகள்தானே? ஒன்று தெரிந்தால் மற்றது எளிதில் வருமா?

பதில்: வராது. மணிலாக்காரர் வினைச்சொல்லில் வாக்கியத்தைத் தொடங்குவார். உலான்பாத்தர்க்காரர் வினையில்தான் முடிப்பார். இருவரும் சந்திக்க வாக்கியத்தின் நடுப்பகுதிதான் மிச்சம்!

தகாலோகை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோ, மலாய்க்கும் ஹவாய் மொழிக்கும் உறவு. சொல்லின் வயிற்றுக்குள்ளேயே ஒட்டு புகுவது அதன் தனி அழகு. ‘பிலி’ என்றால் வாங்குதல். நடுவில் ‘உம்’ நுழைந்தால் ‘புமிலி’, வாங்கினார். மங்கோலியத்தில் ஒட்டுகள் பின்னால் மட்டுமே வரிசைகட்டும்: ‘கெர்’ வீடு, ‘கெரேஸ்’ வீட்டிலிருந்து. ‘கர்’ என்ற கைக்கு அதே ஒட்டு ‘ஆஸ்’ ஆகி, ‘கராஸ்’ என்று வரும். வேர்ச்சொல்லின் உயிரொலிக்கு ஒட்டும் இசைந்துபோக வேண்டும் என்பது அங்கே சட்டம். வேற்றுமை உருபோடு வளர்ந்த தமிழருக்கு இந்த வரிசை பழகிய பாதைதான்.

பிலிப்பினோவும் நம்மைக் கைவிடுவதில்லை. கேட்பவரையும் சேர்த்தால் ‘தாயோ’, விலக்கினால் ‘கமி’. நாம், நாங்கள் என்ற நுட்பம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

எழுத்திலும் ஒட்டுறவில்லை. பிலிப்பினோவுக்கு ரோமன், மங்கோலியாவுக்கு 1940-களிலிருந்து சிரிலிக். சீனாவின் உள் மங்கோலியாவில் மேலிருந்து கீழே இறங்கும் பழைய எழுத்து இன்னும் வாழ்கிறது.

ஆனாலும் சமஸ்கிருதம் இரண்டு வீட்டுக்கும் போயிருக்கிறது. பிலிப்பினோவில் ஆசிரியர் ‘குரோ’, முகம் ‘முக்கா’. மங்கோலியத்தின் ‘எர்தென்’, மத்திய ஆசியா வழியே போய்ச் சேர்ந்த ரத்தினம்.