குழந்தையை மேதையாக்க, முதலில் பாட்டியை அடக்குங்கள்

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? உடனே கடைக்குப் போங்கள். ஃபிளாஷ் கார்டு, கறுப்பு வெள்ளைப் படப் புத்தகம், வயிற்றை அமுக்கினால் மோசார்ட் வாசிக்கும் கரடி எல்லாம் வாங்குங்கள். மோசார்ட் முக்கியம். 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் அந்த இசையைக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது என்பதையெல்லாம் கிளறாதீர்கள். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநரே, பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பணம் ஒதுக்கச் சொன்னார். (அங்கே ஆளுநர் ஓட்டு வாங்கி வருகிறவர்.)

சாமான் வந்தாயிற்று. இனி இடைஞ்சலைக் கவனிப்போம். அதன் பெயர் பாட்டி.

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு உஷாராகிக்கொள்ளுங்கள். என் மகளுக்கு அப்போது நாலு மாதம். என் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பாள். பேத்தி "ங்கா" என்பாள். உடனே தேய்க்கிற கை நின்றுவிடும். "அப்படியாடி தங்கம்? அப்புறம்?" கேட்டுவிட்டு அம்மா சும்மா காத்திருப்பாள். மூன்று விநாடி, நாலு விநாடி. பேத்தி உதட்டைக் குவித்து, காலை உதைத்து, முக்கி முனகி மறுபடி ஒரு "ங்ங்கா". "உங்கப்பன் திட்டினானா? வரட்டும், கேக்கறேன்." நான் திட்டவே இல்லை. ஒரு தலைக்கு எண்ணெய் வைக்க இருபது நிமிஷம்! அதற்குள் 40 கார்டையும் இரண்டு சுற்று காட்டியிருக்கலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இந்த "ங்கா"வுக்கு டென்னிஸ் பாஷையில் விளக்கம் வைத்திருக்கிறார்கள்: குழந்தை பந்தைப் போடும், பெரியவர் திருப்பிப் போட வேண்டும். முதல் சில ஆண்டுகளில் மூளையில் விநாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நரம்பிணைப்புகள் உண்டாகின்றன, புழங்குவது உறுதிப்படும், புழங்காதது உதிர்ந்துவிடும் என்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே பிடிக்க முடியவில்லை.

இந்தப் பந்தாட்டத்தை நிறுத்தக் கைகண்ட மருந்து செல்போன். குழந்தை கையில் கொடுக்க வேண்டாம், உங்கள் கையில் இருந்தாலே போதும். 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர், கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய்மார்களைத் திடீரென்று முகத்தில் சலனமே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கத்தியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு இதற்கு ஓர் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

அடுத்து அந்நிய மொழி. பேட்ரிஷியா குல் என்பவரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் பன்னிரண்டு தடவை நேரில் உட்கார்ந்து பேசி, விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகளிடம் ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே இன்னும் பெரிய டிவியாக வாங்குங்கள்.

அம்மாவின் பாடத்திட்டமோ பிள்ளைத்தமிழ்க் காலத்தது. சப்பாணி கொட்டு, அம்புலியைக் கூப்பிடு. சான்றிதழ்கூடக் கிடையாது.

இப்போது மகளுக்குப் பத்து மாதம். நேற்று மாலை காக்காய் கார்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கார்டைத் தாண்டி ஜன்னலைப் பார்த்து விரலை நீட்டினாள். சன்ஷேடில் நிஜக் காக்காய். "கா!"

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஆமாண்டி, காக்காதான். என்ன வேணுமாம், கேளு."

அவள் காக்காயைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி மூலையைக் கடித்தாள். 40 கார்டில் இப்போது முப்பத்தொன்பதே முக்கால் இருக்கிறது. கடையில் மாற்றித் தர மாட்டார்களாம்.