மொட்டை மாடிக்குக் கீழே ஷவர் வாங்குவது எப்படி?

முதலில் கடைக்குப் போங்கள். ஷோரூம் சுவரில் எட்டு அங்குல அகலத்தில் ஒன்று ஐப்பசி மழையாகக் கொட்டிக்கொண்டிருக்கும். "ரெயின் ஷவர் சார்" என்பார் விற்பனையாளர். சுவருக்குப் பின்னால் உறுமும் மோட்டார் உங்கள் காதில் விழக் கூடாது. விழுந்தால் வாங்க மனசு வராது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறைந்தபட்ச அழுத்தம் இத்தனை 'பார்' என்று போட்டிருந்தால் அதையும் படிக்காதீர்கள். பணத்தைக் கட்டி, பிளம்பரைக் கூப்பிட்டு மாட்டி, கீழே போய் நில்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சிவலிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த வேகத்தில் தலையில் இறங்கும். லிங்கத்துக்கு அவசரமில்லை. உங்களுக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ்.

ஷவரைத் திட்ட வேண்டாம். குற்றம் உயரத்தினுடையது. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மேல்தளத்தில் இருப்பவருக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளமும் மூன்றடி மேடையும்தான் இடைவெளி. தொட்டி தளும்பத் தளும்ப இருந்தாலும் ஷவர் வாய்க்கு மேலே 3 மீட்டர் தேறினால் அதிகம். அதாவது 0.3 பார். அதிலும் ஒவ்வொரு எல்போவிலும் வால்விலும் கொஞ்சம் கழியும். அதே கட்டடத்தில் மூன்று மாடி கீழே, தரைத்தளத்துக்காரருக்கு 1.2 பார். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று நீங்கள் மேலே போனீர்கள். கொசுவோடு சேர்த்து நல்ல குளியலும் அவருக்குப் போனது.

இனி, இரண்டாவது ஷவர் வாங்கப் போகிறவர்களுக்கான பாடம். பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை முழுசாகத் திறந்து, அதன் கீழே ஒரு 20 லிட்டர் பக்கெட்டை வையுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. நாலு நிமிடம் ஆனால், உள்ளங்கை அளவுக்கு, ஓட்டை குறைவாக உள்ள சின்ன ஷவராகப் பாருங்கள். இருக்கிற கொஞ்சத் தண்ணீரை நூறு ஓட்டைக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கும் வேகம் இருக்காது. அதற்கும் மேலே ஆனால் பிளம்பரிடம் பைப்பைக் காட்டுங்கள். பாதி மூடிய கேட் வால்வோ அரை அங்குலப் பைப்பில் படிந்த உப்போ அகப்படும். எந்தக் கடை ஷவரும் அதைச் சரிசெய்யாது. சில ஷவர்களின் கழுத்தில் தண்ணீரை மிச்சப்படுத்த ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். மிச்சப்படுத்தத் தண்ணீர் வந்தால்தானே? எடுத்துவிடுங்கள்.

ஓசியில் அழுத்தம் கூட்ட ஒரு வழி உண்டு. விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார். ஹேண்ட் ஷவர் வாங்கிக் கையில் பிடித்து மூன்றடி கீழே இறக்குங்கள். தொட்டிக்கும் ஷவருக்கும் இடைவெளி 1 மீட்டர் கூடும், 0.3 பார் 0.4 ஆகும். மூன்றில் ஒரு பங்கு லாபம்! முக்காலி போட்டு உட்கார்ந்தால் இன்னும் கூடும். தரையிலேயே உட்கார்ந்துவிட்டால் ரெயின் ஷவர்க்காரரையே மிஞ்சலாம். கழுத்தை அண்ணாந்து நின்று குளிப்பது சினிமாவில் வருவது.

போர் தண்ணீர்ப் பேட்டையாக இருந்தால் ஆறே மாதத்தில் பாதி ஓட்டை சுண்ணாம்பில் அடைத்துக்கொள்ளும். மிச்ச ஓட்டைகள் சுவரையும் கதவையும் குளிப்பாட்டும். கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப் போடுங்கள். ரப்பர் முனை உள்ளதை வாங்கினால் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

பிரஷர் பம்ப்? ஐயமில்லாமல் வேலை செய்யும். குழாயைத் திறந்ததும் தானாக ஓடும், மூடினால் நிற்கும். விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் குளிப்பது கீழ்வீட்டுக்கும் தெரியும். பொதுப் பைப்பிலிருந்து நீங்கள் உறிஞ்சும்போது பக்கத்து ஃப்ளாட் மாமி முகத்தில் சோப்போடு நிற்பார். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் முதல் தீர்மானம் உங்களைப் பற்றியதாக இருக்கும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

கீசர் விஷயத்தில் மட்டும் மேல்தளத்துக்காரர் கொடுத்து வைத்தவர். தண்ணீர் மெல்ல வந்தால் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரே கொதிக்கக் கொதிக்கத் தரும். கை வைத்துப் பார்க்காமல் தலையைக் காட்டாதீர்கள். மே மாதச் சென்னையில் கீசரும் வேண்டாம். மத்தியானத் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக வெந்நீராகவே வரும். அப்போது பச்சைத் தண்ணீருக்குத்தான் ஒரு மிஷின் வேண்டும்.

இன்னும் ஃப்ளாட் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கர் மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து காட்டுவார். அவரை அங்கேயே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தொட்டி தளத்தோடு தளமாக உட்கார்ந்திருந்தால் ஒரு மாடி கீழே வாங்குங்கள்.