சம்பந்தியப் பாத்து அடுக்கு

வாய்யா மாப்ளே, உக்காரு. உன் குடோனைப் பாத்துட்டுத்தான் வாரேன். பருப்பெல்லாம் ஒரு வரிசை, எண்ணெயெல்லாம் ஒரு வரிசை, பொடி வகையறாவுக்குத் தனிச் சுவரு. டிக்கெட் போட்டு ஆளை உள்ள விடலாம், அம்புட்டு அழகு. சரக்கு எடுக்கத்தான் தோதில்லை.

உன் பயல் ஒருத்தன் பின்னாலயே நடந்து பாத்தேன். இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம், நல்லெண்ணெய். ஆர்டரே அவ்வளவுதான். அரிசி வாசல் பக்கம், உளுந்து நடு வரிசை, வெந்தயம் மசாலாச் சுவத்துல, எண்ணெய் கடைசி மூலையில. டாக்டர் நடக்கச் சொன்னது என்னைய. நீ சம்பளம் குடுத்து அவனை நடக்க விடுறே. ஆர்டர் எடுக்கிற ஆளு நேரத்துல பாதிக்குக் கிட்ட நடையிலயே போகுதுன்னு குடோன் படிப்பு படிச்சவங்களே எழுதி வச்சிருக்காங்க.

உளுந்துக்குத் தொவரம்பருப்பு பங்காளி, இல்லைங்கல. ஆனா வாங்குறவ வீட்டுக்கு உளுந்து போறது இட்லி அரிசி கூடத்தானே? பங்காளியப் பாத்து அடுக்காதே, சம்பந்தியப் பாத்து அடுக்கு. எது கூட எது போகுதுன்னு பழைய பில்லுல கெடக்கு. கம்ப்யூட்டர் என்ன, கிரிக்கெட் ஸ்கோர் பாக்க மட்டுமா? அதுக்காக டீத்தூள் பக்கத்துல ஊதுபத்தியக் கொண்டு வச்சிராதே. டீ குடிக்கிறவன் கன்னத்துல போட்டுக்குவான்.

1963-லயே ஹெஸ்கெட்னு ஒரு அமெரிக்க வாத்தியார் கணக்குச் சொல்லிட்டாரு. சாமான் அடைக்கிற இடத்தை, அது எத்தனை ஆர்டர்ல வருதோ அதால வகு. விடை கம்மியா வர்ற சாமானை வாசலுக்குக் கிட்ட வை. உன் பேக்கிங் மேசைகிட்ட இருக்கிறது என்ன? போன தீவாளிக்கு விக்காத குத்துவிளக்கு! 25 கிலோ அரிசி மூட்டையத் தலைக்கு மேல ஏத்துன புத்திசாலி யாருய்யா? கனம் கீழ, ஓடுற சரக்கு இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல.

அமேசான்ல பொம்மையும் புஸ்தகமும் ஒரே தட்டுல கெடக்கேன்னு கேப்பே. அவன் வச்ச எடத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சுக்கிடுறான். 2012-ல 77.5 கோடி டாலருக்குக் கிவாங்கிற ரோபோ கம்பெனியையே வாங்கி, அலமாரிய ஆளுகிட்ட வரவச்சான். உன்கிட்ட இருக்கிறது ஒரே ஸ்கேனர், அதுலயும் சார்ஜ் இல்லை. ஆனா ஒண்ணு அவனைப் பாத்துக் கத்துக்க: ஒரே மாதிரி பாக்கெட்டுகளை ஒட்டி வைக்கிறதில்லை. சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் ஒரே கம்பெனி, ஒரே செவப்பு. மாத்திப் போனா ரசம் கெட்டவ திட்டுறது பயலை இல்லை, உன்னைய.

பொங்கல் வருது. வெல்லம், பச்சரிசி, முந்திரி, ஏலக்காய் இப்பவே முன்னால வரணும். தை பாதியில திரும்பவும் மாத்தணும். ஒருக்கா அடுக்கிட்டுப் படுத்துத் தூங்கலாம்னு நெனைக்காதே. சாயங்காலம் மூணு மாச பில்லை எடுத்துட்டு வா, உக்காந்து பாப்போம். காப்பி உன் செலவு.